கை மாறும் சில்லறை

சென்னை மாநகரப் பேருந்தில் நடத்துநர் பெரும்பாலும் நம்மைத் தேடி வருவதில்லை. பின்படிக்கட்டை ஒட்டிய தன் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். நாம்தான் காசை அவரிடம் அனுப்ப வேண்டும். மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ புதிதாக வருகிறவர்கள் இதில் கொஞ்சம் தடுமாறிப்போவார்கள். அங்கெல்லாம் நடத்துநர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, இருக்கைக் கம்பியில் இடுப்பைச் சாய்த்தபடி ஒவ்வொருவரிடமும் வந்து டிக்கெட் போடுவார். இங்கே முன்பக்கம் ஏறியவர், பக்கத்தில் நிற்பவரின் தோளை லேசாகத் தட்டி, இருபது ரூபாய்த் தாளை நீட்டி, “ஒரு சைதாப்பேட்டை” என்கிறார். அத்தோடு அவர் வேலை முடிந்தது.

அந்தத் தாள், காதில் ஒயர் மாட்டிய கல்லூரிப் பையன் கைக்குப் போகிறது. அவனிடமிருந்து டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு. அவரிடமிருந்து ஜன்னலோரம் தூங்கிவழியும் பெரியவருக்கு. “ஒரு சைதாப்பேட்டை” என்ற சொல்லும் வாய்விட்டு வாய் தாவிப் பின்னால் போய்ச்சேர்கிறது. நடத்துநர் நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருக்கும் தாள்களோடு அதையும் செருகிக்கொண்டு, மெஷினில் தட்டி, துண்டுச்சீட்டைக் கிழித்து, அதற்குள் மிச்சச் சில்லறையைச் சுற்றிக் கொடுக்கிறார். போன வழியிலேயே அது திரும்புகிறது. நடுவில் தூங்கிவிட்ட பெரியவரைப் பையன் எழுப்புகிறான்: “தாத்தா, முன்னாடி குடுங்க.” வாங்கியவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். இப்படி அனுப்பிய காசு வழியில் காணாமல்போய் நான் பார்த்ததில்லை. பிக்பாக்கெட் அடிக்கிற அதே பேருந்தில்தான் இதுவும் நடக்கிறது. பர்ஸை உள்பைக்கு மாற்றிவைக்கிற அதே ஆள்தான், பெயர் தெரியாத நாலு பேர் கையில் தன் நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறார்.

சில்லறை இல்லாவிட்டால் நடத்துநருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பாக்கியை டிக்கெட்டின் முதுகில் எழுதிக்கொடுத்து “இறங்கும்போது வாங்கிக்கோங்க” என்பது. இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது. முன்பின் பார்த்திராத இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்துவிடுவார். “இந்தா, ரெண்டு பேருக்கும் சேத்து இருபது. கீழ இறங்கி மாத்திக்கோங்க.” சம்பந்தமே இல்லாத இரண்டு பேரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கி, பெட்டிக்கடையில் ஒரு வாழைப்பழமோ வேர்க்கடலை உருண்டையோ வாங்கித் தாளை மாற்றி, மிச்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, “வரேங்க” என்று சொல்லிப் பிரிவார்கள். வாங்கிய பழத்தை யார் தின்பது என்பதில்கூட ஒரு சின்ன உபசாரம் நடக்கும்.

இதை வெறும் நல்ல பழக்கம் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. கையிலிருந்து கைக்குக் காசு போவது இந்த மண்ணில் எளிதாகக் கிடைத்த காரியம் இல்லை. கூலியை எட்ட நின்று எறிந்த ஊர்கள் இருந்தன. குவித்த உள்ளங்கையில் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். கடைக்காரர் கையில் காசைக் கொடுக்காமல் திண்ணையில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டியிருந்தது. தொடக்கூடாத கை எது என்று பிறக்கும்போதே எழுதிவைத்திருந்த ஒரு சமூகத்தில், யார் கை என்று திரும்பிப் பார்க்காமலே தாளை நீட்டுகிற ஒரு இடம் உருவானது. கோயிலுக்குள் நுழையப் போராட்டம், தெருவில் நடக்கப் போராட்டம் என்று நாம் படித்திருக்கிறோம். பேருந்தில் ஏறுவதற்கும் அப்படியொரு வரலாறு உண்டு. அதைப் பற்றிப் பேசுவதுதான் குறைவு.

மோட்டார் பஸ் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடத் தொடங்கிய காலத்தில் அது தனியார் முதலாளிகளின் சொத்து. தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்த பஸ்கள் இருந்தன. இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான். தியாகராய நகரில் பாண்டி பஜார் என்று நாம் சொல்வது அவர் பெயரைத்தான். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது முழுப்பெயர். துணி எடுக்கவும் நகை பார்க்கவும் அங்கே போய் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் ஏறிவந்த பஸ்ஸின் படிக்கட்டோடு அந்தப் பெயருக்குச் சம்பந்தம் உண்டு என்று தெரியும்? நிறுத்தத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே இரண்டு வரி எழுதிவைக்கலாம். பெரிய செலவில்லை.

ரயிலின் கதை கொஞ்சம் வேறு. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியபோது, பெட்டியைப் பிரித்தது டிக்கெட்டின் வகுப்புத்தான். மூன்றாம் வகுப்புக்குக் காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே பலகையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாக வேண்டும். பெட்டிக்குள் முடியாமற்போனதை ஸ்டேஷனில் ஈடுகட்டிக்கொண்டார்கள். ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் இருந்தது. பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் விடாமல் எதிர்த்ததில் 1941இல் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. ஒரே வண்டியில் தோளோடு தோள் ஒட்டி வந்தவர்கள் இட்லி தின்னும்போது பிரிந்து உட்கார்ந்ததை இன்று நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. ரயில் ஓடத் தொடங்கி எண்பத்தைந்து வருடம் கழித்துத்தான் அந்தத் தடுப்பு போயிருக்கிறது.

கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931இல் வந்தது. மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய அந்தப் பழைய வண்டிகள் 2004 வரை இருந்தன. கதவோரம் தொங்கிய கைப்பிடி வளையங்களின் சத்தம், என் வயதுக்காரர்கள் பலருக்கு இன்னும் காதில் இருக்கும். இப்போது அகலப்பாதை, குளிர்சாதன வண்டிகூட 2025 ஏப்ரலில் வந்துவிட்டது. ஆனாலும் ஐந்து ரூபாய் கொடுத்து ஏறுகிற சாதாரண வண்டிதான் தென்சென்னையைத் தூக்கிச் சுமக்கிறது. மின்சார ரயிலில் நடத்துநர் இல்லை. காசு கை மாற வேலையில்லை. அங்கே கை மாறுவது இடம். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான்காவது ஆளுக்கு அரை இடம் உண்டு என்பது எங்கும் எழுதிவைக்காத சட்டம். “கொஞ்சம் தள்ளிக்கோங்க” என்றால் போதும். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக நகர்வார்கள். நாலாவது ஆள் ஒரு தொடையை இருக்கையிலும் மறு தொடையை அந்தரத்திலுமாக வைத்து, மாம்பலம் வரைக்கும் காலை ஊன்றிச் சமாளிப்பார். மாம்பலத்தில் பாதிப் பெட்டி காலியாகும். அப்போது அவர் உள்ளே நகர்ந்து, அடுத்து வருகிற நாலாவது ஆளுக்காகத் தானும் சுருங்கிக்கொள்வார்.

அந்த வண்டியில் நான் திரும்பத் திரும்பக் கவனிப்பது பார்வையற்ற வியாபாரிகளை. சீசன் டிக்கெட் கவர், ஊக்கு, பேனா, சீப்பு, மொபைல் கவர் என்று தோளில் மாலைமாலையாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறுவார்கள். பல்லாவரத்தில் ஒருநாள் ஒருவர் ஏறினார். குரோம்பேட்டை வருவதற்குள் அந்தப் பெட்டியை முடித்தாக வேண்டும் என்ற வேகம் நடையில் தெரிந்தது. ஒரு பெண் இரண்டு கவர் கேட்டு, “அம்பது ரூபா தரேண்ணா” என்று தாளைக் கையில் வைத்தார். அவர் தாளை நிமிர்த்தி, சுட்டுவிரலோடு சேர்த்துப் பிடித்து நீளம் பார்த்தார். விரலின் எந்தக் கணு வரை வருகிறது என்பது அவருடைய கணக்கு. சரிபார்த்துக்கொண்டு, இடுப்புப் பையில் தனித்தனி அறையில் வைத்திருந்த தாள்களிலிருந்து மிச்சத்தை எடுத்து நீட்டினார். வண்டி குலுங்கியதில் ஒரு நாணயம் உருண்டு இருக்கைக்கு அடியில் போயிற்று. எதிரிலிருந்த பையன் குனிந்து தேடி எடுத்து, அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, “அஞ்சு ரூபாண்ணா” என்றான். “சரி தம்பி” என்று அவர் அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். பெட்டியில் இருபது முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்தக் கையும் எந்தக் கையையும் தொடத் தயங்கவில்லை.

இதை நான் ஒரேயடியாக உயர்த்திப் பேசவில்லை. நகரப் பேருந்து நமக்குக் கொடுப்பது, யாருக்கும் யாரையும் தெரியாது என்ற சௌகரியத்தைத்தான். அரை மணி நேரத்தில் இறங்கிவிடப்போகிற ஆளின் பூர்வீகத்தைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. இதே மனிதர்களைத் திருவண்ணாமலைக்கோ சங்கரன்கோவிலுக்கோ போகிற வெளியூர் பஸ்ஸில் உட்காரவையுங்கள். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பேச்சு தொடங்கிவிடும். “எந்த ஊரு?” என்பார்கள். ஊர் பெயரைச் சொன்னால், “ஊர்ல எந்தப் பக்கம்? கோயில் தெருவா?” அதற்குப் பதில் சொன்னால், “அங்க ஒருத்தரு இருப்பாரே…” என்று ஒரு பெயர் வரும். வேர்க்கடலையைப் பகிர்ந்துகொண்டே நடக்கிற விசாரணை அது. கேட்கிறவர் முகத்தில் விரோதம் இருக்காது, பிரியமாகவே கேட்பார். ஆனால் பதிலைப் பொறுத்து அந்தப் பிரியம் கூடும் அல்லது பேச்சு சட்டென்று நின்று தூக்கம் வந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லப் பழகியவர்களை எனக்குத் தெரியும். படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள். பயணம் முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தூங்குவதுபோல் இருப்பது அவர்களுடைய இன்னொரு வழி.

நெரிசலில் உடம்பு படுவது என்பதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றல்ல. எனக்குத் தோழமையாகத் தெரிகிற அந்த நெருக்கத்துக்குள் ஒரு பெண் முழங்கையை முன்னால் நீட்டி, கைப்பையைக் கேடயமாகப் பிடித்து நிற்கிறாள். இடதுபக்க இருக்கைகளும் மகளிர் பெட்டியும் அவர்களுக்கென்று இருப்பதற்கு அதுதான் காரணம். தோளைத் தட்டிக் காசு கொடுக்கும் பழக்கத்தில்கூட ஒரு ஆண் பெண்ணின் தோளைத் தட்டக்கூடாது. “மேடம், டிக்கெட்” என்று குரல் கொடுத்துத்தான் நீட்ட வேண்டும். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். செய்யாதவர்கள் யார் என்று பெண்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

சாதியின் கதைக்குத் திரும்பினால், பேருந்தின் மேல் எழுதும் பெயருக்காகவே இந்த மாநிலத்தில் ரத்தம் சிந்தியிருக்கிறது. 1972இல் பேருந்துகள் அரசுடைமையாகிப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. முதலில் பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று மன்னர்களின் பெயர். பிறகு கட்டபொம்மன், ஜீவா, நேசமணி என்று தலைவர்களின் பெயர். வடசென்னையில் ஓடிய வண்டிகளில் அம்பேத்கர் பெயர் இருந்தது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்று உயிர்விட்டவர் என்று போற்றப்படும் அவர், தேவேந்திரகுலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர் சிலர். கல் பறந்தது, தென்மாவட்டங்களில் உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் தாங்கிய மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டது. அந்தப் பெயரை நிறுத்திக்காட்டியிருக்க வேண்டும் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். ஒருவர் பெயரை ஏற்க மறுத்தவர்களுக்காக எல்லோர் பெயரையும் அழித்தது சமத்துவம் ஆகாது. 2021இல் வந்த மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ படத்தில் ஒரு கிராமத்தில் பேருந்து நிற்பதே இல்லை. அந்தப் பேருந்தை அடித்து நொறுக்கும் காட்சியைத் திரையரங்கில் பார்த்துச் சிலர் நெளிந்தார்கள். நிற்காமல் போன வண்டியின் புழுதியை ஒருமுறையாவது தின்றவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அதே 2021ஆம் ஆண்டு மே மாதம், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு அறிவித்தது. ஒயிட் போர்டு என்று நாம் சொல்லும் அந்த வண்டிகளின் முகத்தில் ரோஸ் வண்ணம் ஏறியது. அதிகாலையில் கோயம்பேட்டிலிருந்து பூக்கூடையோடு வரும் பெண்கள், அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் துலக்கப் போகிறவர்கள், மகள் வீட்டுக்குப் போய் ஒருவேளை சாப்பிட்டுவிட்டு வரும் கிழவிகள் என்று கூட்டமே மாறிவிட்டது. இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டுவேலை செய்கிறவருக்கு அது ஒரு வீட்டின் சம்பளத்தில் கணிசமான பகுதி. எனக்கு அதைவிட முக்கியமாகப்பட்டது, போகிற காரணத்தை யாரிடமும் சொல்லவேண்டியதில்லை என்பது. பஸ்ஸுக்குக் காசு கேட்டால் எங்கே, எதற்கு என்ற கேள்வி வரும். காசு கேட்கவே வேண்டாம் என்றால் அந்தக் கேள்வியும் போகிறது.

கையும் கையும் சேரும் சங்கிலி இதில் அறுந்துபோகவில்லை. “ஒரு லேடீஸ்” என்று குரல் போகிறது. பணமில்லாமல் துண்டுச்சீட்டு மட்டும் கை மாறி வருகிறது. ஆனால் ‘ஓசி’ என்ற சொல் அவ்வப்போது காதில் விழுகிறது. நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டியை இருபது முப்பதடி தள்ளி நிறுத்துகிற ஓட்டுநர்களையும் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலியோடு ஒரு பாட்டி ஓடிவந்து ஏறி, மூச்சு வாங்க, “நிறுத்தக் கூடாதாப்பா” என்று கேட்டபோது பதில் வரவில்லை. அந்தச் சீட்டுக்குரிய பணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. நம் எல்லோர் வரியிலும், அந்தப் பாட்டி வாங்குகிற சோப்பின் வரியிலும் சேர்ந்த பணம்தான் அது.

இப்போது செல்போனிலேயே டிக்கெட் எடுக்கலாம். 2025 செப்டம்பரில் பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் சேர்த்து ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. நல்ல காரியம். சில்லறைச் சண்டையில் நடத்துநர்களும் பயணிகளும் ஆயுளில் பாதியைத் தொலைத்திருக்கிறார்கள். நாளெல்லாம் நாணயம் எண்ணிய விரல்களுக்கு இனி கொஞ்சம் ஓய்வு. கை மாறும் காசு இன்னும் சில வருடங்களில் அருகிப்போகலாம். அதற்காக யாரும் புது வசதியை மறுக்க வேண்டியதில்லை. எனக்கு ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் என்னுடைய கவலை வேறு.

தொட மறுத்த தீண்டாமை, இப்போது தூரமாக உருமாறி நிற்கிறது. கூவம் கரையிலும் அடையாற்றின் கரையிலும் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களைப் பெயர்த்து, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு விளிம்புக்கு அனுப்பினோம். அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். வேலையோ பழைய இடத்திலேயே இருந்தது: தியாகராய நகரில், மயிலாப்பூரில், எழும்பூரில். நடந்து போன வேலைக்கு இப்போது பேருந்தில் இருபது கிலோமீட்டருக்குமேல் போகிறார்கள். விடியுமுன் எழுந்து, சோறு வடித்து வைத்துவிட்டு, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்து நிற்கும் பெண்ணுக்கு அந்த ஐந்து மணி வண்டி வந்தாக வேண்டும். அது வராவிட்டால் அடுத்ததில் படிக்கட்டில்கூட இடம் கிடைக்காது. தாமதமானால் “நாளைலேருந்து வேற ஆள் பாத்துக்கறோம்” என்ற வார்த்தை காத்திருக்கும். இலவசப் பயணம் என்று அரசு சொன்னாலும், ஏறுவதற்கு வண்டி இல்லாத இடத்தில் அதற்கு மதிப்பில்லை.

கழகங்கள் புதிது புதிதாகப் பேருந்து வாங்குகின்றன. மின்சாரப் பேருந்துகள் வந்திருக்கின்றன. தாழ்தளப் பேருந்துகள் வந்திருக்கின்றன. சக்கர நாற்காலியோடு ஏறும் ஒருவரை முதன்முறையாகப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு புது வண்டியும் எந்தத் தடத்துக்குப் போகிறது என்று பார்க்கிறேன். விமான நிலையத்துக்கும் ஐ.டி. சாலைக்கும் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் பெரும்பாக்கத்தின் ஐந்து மணி வண்டி, செம்மஞ்சேரிக்குத் திரும்பும் இரவு பத்தரை மணி வண்டி, இவற்றுக்குப் பிறகுதான் மற்றவை என்று ஒரு முறை வைக்க வேண்டும். அந்த இரண்டு வண்டியும் நாள் தவறாமல், நேரம் தவறாமல், நிறுத்தத்திலேயே நிற்க வேண்டும்.